புயலும் கோப்பையும்: ஓவியர் வின்சென்ற் வான் கோவின் வாழ்வு

ஓவியக் கலையிலே பற்றுடையார் எவரும் வின்சென்ற் வான் கோ என்னும் பெயரை அறிவர். அவர் தீட்டிய சூரியகாந்திப் பூக்களின் பிரதிகள் பள்ளிக்கூடச் சுவர்களிலும் தபாலட்டைகளிலும் காணப்படுகின்றன. அவர் தமது காதை அறுத்துக்கொண்ட கதையும் அப்படங்களுக்கு இணையாகப் பரவியிருக்கிறது. இரண்டையும் ஒருங்கே கேள்வியுற்றோர் உள்ளத்தில் ஒரு முடிவு எளிதில் எழுந்துவிடுகிறது. குடியும் பித்துமே அவரைக் கலைஞராக்கின என்பது அம்முடிவு. மற்றொரு சாராரோ, குடித்துக் கெட்டார் என்ற ஒரே சொல்லில் அவ்வாழ்வை அடக்கிவிடுவர். இவ்விரு தீர்ப்பும் உண்மைக்குப் புறம்பானவை. அவர் எழுதிய கடிதங்களுள் 800க்கு மேற்பட்டவை இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பொறுமையோடு படிப்பவர், நோய் ஒன்றும் குடி ஒன்றுமாக இரு பகைவரோடு ஒரே காலத்திற் போராடிய ஒரு மனிதரைக் காண்பர்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ஒல்லாந்து தேசத்தின் தென்பாகத்திலுள்ள சுண்டெர்ட் என்னும் சிற்றூரில், 1853ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் வின்சென்ற் பிறந்தார். தந்தையார் புரட்டஸ்தாந்து சபைப் போதகர். சரியாக ஓராண்டுக்கு முன்னர், அதே நாளில், அதே பெயர் சூட்டப்பெற்ற ஆண் குழந்தையொன்று அக்குடும்பத்தில் இறந்தே பிறந்திருந்தது. பின்னர் தம்பிமாரும் தங்கைமாருமாக ஐவர் பிறந்தனர். அவருள் தியோ என்பவரே வாழ்நாள் முழுவதும் அண்ணனைத் தாங்கி நின்றவர்.

பதினாறாம் வயதில், பெரிய தந்தையாரின் செல்வாக்கால், ஹேக் நகரிலே ஓவியங்களை விற்கும் வணிக நிலையம் ஒன்றில் வின்சென்ற் வேலைக்கு அமர்ந்தார். அங்கிருந்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் மாற்றப்பட்டார். தொடக்கத்திலே காட்டிய ஊக்கம் நாளடைவில் வற்றியது. 1876இல் வேலை போயிற்று. அதன்பின் இங்கிலாந்திற் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஒல்லாந்திலே புத்தகசாலையில் எழுதுவினைஞராக இருந்தார். அம்ஸ்ரடாமில் இறையியல் கற்கத் தொடங்கி இடையில் விட்டார். எதைத் தொட்டாலும் முதலில் தீப்போல் எழுவதும், பின்னர் சாம்பராய் அடங்குவதும் அவர் இயல்பாயின.

1878இன் இறுதியில் பெல்ஜியம் நாட்டின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசத்துக்குச் சமயப் பணியாற்றச் சென்றார். அங்கே தம் உடைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, குடிசையொன்றில் தரையிற் படுத்துறங்கினார். சுரங்க விபத்திற் காயமுற்றோருக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தார். இத்தகைய அளவு கடந்த துறவு போதகருக்குத் தகாது என்று சபையார் கருதினர். 1879இல் அவரது நியமனத்தைப் புதுப்பிக்க மறுத்தனர். மகனின் நிலை கண்டு கலங்கிய தந்தையார், 1880இல் அவரை மனநோயாளரைப் பராமரிக்கும் கீல் என்னும் ஊருக்கு அனுப்பவும் எண்ணினார். மகன் உடன்படவில்லை. அந்த ஆண்டிலேதான், இருபத்தேழாம் வயதில், ஓவியராவது என்று வின்சென்ற் உறுதி பூண்டார்.

இக்காலம் வரையில் மது அவர் வாழ்வில் பெரிய இடம் எதையும் பெற்றிருக்கவில்லை. ஆயினும் மனம் உச்சிக்கு ஏறுவதும் பாதாளத்துக்கு இறங்குவதும் முன்னமே தொடங்கிவிட்டன. இதனை நாம் மறத்தலாகாது. புயல் முதலில் வந்தது. கோப்பை பின்னரே வந்தது.

அப்புயல் அக்குடும்பத்தில் அவரை மட்டும் தாக்கியதன்று. தங்கை வில்லெமீன் 1902இல் மனநோய் விடுதியிற் சேர்க்கப்பட்டு, 1941இல் இறக்கும் வரை அத்தகைய விடுதி வாழ்விலேயே காலங் கழித்தார். கடைசித் தம்பியும் இளமையிலே தென்னாபிரிக்காவில் மாண்டார். அது அவர் தாமே தேடிக்கொண்ட முடிவு என்றே பலரும் கருதுகின்றனர். ஆதலின், குருதி வழி வந்த ஏதோவொரு நொய்மை அங்கே இருந்தது என எண்ண இடமுண்டு.

பாரிஸ் நகரமும் பச்சை மதுவும்

ஹேக் நகரிலும் நியூனென் என்னும் ஊரிலும் வரைந்து பழகிய வின்சென்ற், 1885இல் உருளைக்கிழங்கு உண்போர் என்னும் ஓவியத்தைத் தீட்டி முடித்தார். அந்த ஆண்டின் இறுதியில் அன்ற்வேர்ப் நகருக்குச் சென்றார். அங்கே கையிலிருந்த காசெல்லாம் வர்ணத்துக்கும், படத்துக்கு அமர்வோரின் கூலிக்கும் போயிற்று. வயிற்றுக்கு உணவில்லை; பற்கள் உடைந்து விழுந்தன. பசியை மறக்கப் புகையிலை உதவியது. 1886இல் பாரிசிலே தம்பி தியோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, முப்பத்திரண்டாம் வயதிலேயே அவர் உடல் நலிந்திருந்தது.

பாரிசிலே அக்காலத்து ஓவியர் கூடுமிடம் மதுச்சாலையே. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஒருவகைப் பூச்சி அழித்தமையால் திராட்சை மதுவின் விலை ஏறியிருந்தது. அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது அப்சாந்த் என்னும் பச்சை மது. கசப்புப் பூண்டொன்றை ஊறவைத்து வடித்தெடுக்கும் இம்மதுவில் மதுசாரம் நூற்றுக்கு 60 பங்கையும் தாண்டுவதுண்டு. சீனிக்கட்டியின் மேல் நீரை ஊற்றிக் கலந்தால் பச்சை நிறம் பால்போல் வெளுக்கும். அதைப் பருகினோர் பித்தராவர் என்ற அச்சம் பரவி, 1915இல் பிரான்சு அரசு அதனைத் தடைசெய்தது. அப்பூண்டிலுள்ள நஞ்சே பித்தை விளைத்தது என அன்று நம்பினர். பிற்கால இரசாயனப் பரிசோதனைகளோ, அந்நஞ்சு அம்மதுவிலே சொற்பமாகவே இருந்தது எனவும், கெடுதி செய்தது பெரும்பாலும் மதுசாரமே எனவும் காட்டியுள்ளன.

வின்சென்ற் இதனை மேசைமேல் வைத்துப் படமாகத் தீட்டினார். நண்பர் துலூஸ் லோத்ரெக் 1887இல் வின்சென்றையே அக்கோப்பையின் முன் இருத்தி வரைந்தார். வீட்டிலோ நிலைமை மோசமாயிற்று. அண்ணனோடு வாழ்வது தாங்கொணாததாகிவிட்டது எனத் தியோ தங்கைக்கு எழுதினார். ஓருடலில் இருவர் குடியிருப்பது போலத் தோன்றுகிறது எனவும், ஒருவர் மென்மையும் மேதைமையும் உடையவர், மற்றவர் தன்னலமும் வன்மையும் உடையவர் எனவும் அவர் வருந்தினார். பாரிசை விட்டு நீங்கும்போது தாம் ஏறக்குறையக் குடிக்கு அடிமையாகிவிட்ட நிலையில் இருந்ததை வின்சென்ற் தாமே பின்னர் ஒப்புக்கொண்டார்.

மஞ்சள் வீடு

1888 பெப்ரவரி மாதத்தில், பிரான்சின் தென்பாகத்திலுள்ள ஆர்ல் நகருக்கு அவர் வந்தார். அங்கே நிலம் ஒளி வெள்ளத்தில் மிதந்தது. ஏறக்குறையப் பதினைந்து மாதத்தில் 200 அளவிலான ஓவியங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன. சூரியகாந்தி, அறுவடை வயல், இரவுச் சிற்றுண்டிச்சாலை ஆகியன அக்காலத்தவை. மஞ்சள் நிறம் பூசிய வீடொன்றை வாடகைக்கு எடுத்து, அதனை ஓவியர் கூடிவாழும் இல்லமாக்கக் கனவு கண்டார்.

அவ்வேகத்தின் விலை யாது? இரவுச் சிற்றுண்டிச்சாலையைத் தீட்டுதற்கு மூன்று இரவுகள் கண்விழித்தார். மனிதன் தன்னைத் தானே அழித்துக்கொள்ளக்கூடிய இடம் அது என்பதைச் சிவப்பாலும் பச்சையாலும் காட்டவே தாம் முயன்றதாக அவர் தம்பிக்குத் தெரிவித்தார். அக்டோபரில் ஒருமுறை, கையிற் பணமின்றி, நான்கு நாள்களை 23 கோப்பைக் கோப்பியினாலும் கடனுக்கு வாங்கிய ரொட்டியினாலுமே ஓட்டினார். தியோ மாதந்தோறும் தவறாது பணம் அனுப்பினார், அது வர்ணமாகவும் துணியாகவும் மாறியது, எஞ்சியது மதுவாயிற்று.

அவர் ஏன் குடித்தார்? இதற்கு அவருடைய கடிதங்களே விடை தருகின்றன. உள்ளே எழும் புயலின் இரைச்சல் அளவு மீறும்போது, அதை மரக்கச் செய்வதற்காக அளவுக்கு ஒரு கோப்பை மேலதிகமாகப் பருகுவதை அவர் மறைக்கவில்லை. பின்னர், அந்தக் கோடைகாலத்து மஞ்சளின் உச்ச நிலையை எட்டுவதற்குத் தம்மைச் சற்று முறுக்கேற்றிக்கொள்ள நேர்ந்ததாகவும் எழுதினார். ஆகவே, கொந்தளிப்பை அடக்கவும் கோப்பை. எழுச்சியைக் காக்கவும் கோப்பை. ஒரே மருந்தை இரு மாறான நோய்களுக்கு உண்டவர் போலாயினார் அவர். மனம் மேலேறும் காலத்தில் மது கட்டை அவிழ்த்தது. கீழிறங்கும் காலத்தில் அதே மது இருளை மேலும் செறிவித்தது. உறக்கமின்மையும் பட்டினியும் இவற்றோடு கூடின.

அக்டோபர் 23ஆம் நாள் ஓவியர் போல் கோகான் மஞ்சள் வீட்டுக்கு வந்தார். இருவரும் இரு துருவங்கள். இரண்டு மாதத்துள் பிணக்கு முற்றியது. கோகான் போய்விடுவார் என்ற அச்சம் வின்சென்றை வாட்டியது. அதே டிசம்பரில் தியோவுக்குத் திருமண நிச்சயமும் ஆயிற்று. தம்மைத் தாங்கிநின்ற தூண்கள் இரண்டும் ஒருங்கே நகர்வதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். 1888 டிசம்பர் 23ஆம் நாள் இரவு, சவரக் கத்தியால் தம் இடக்காதை அறுத்து, அதைப் பொதிந்து கொண்டுபோய், விலைமாதர் இல்லத்திலிருந்த ஒரு பெண்ணின் கையிற் கொடுத்தார். மறுநாட் காலை குருதி தோய்ந்த படுக்கையிற் கிடந்தவரைப் பொலிசார் வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றனர்.

வைத்தியசாலைக்கு வந்தபின்னரே மற்றொரு துன்பம் தொடங்கியது. நாள்தோறும் குடித்து வந்தவரின் உடல், மது திடீரென நின்றதும் நிலைகுலையும். நடுக்கமும் திகிலும் பொய்க்காட்சியும் தோன்றும். தமிழர் சன்னி எனக் கூறும் நிலை அதுவே. வின்சென்ற் சில நாள்கள் தம்மையறியாது பிதற்றினார், தனியறையில் அடைக்கப்பட்டார். ஃபெலிக்ஸ் ரே என்னும் இளம் வைத்தியர் அன்போடு கவனித்து, இது ஒருவகை வலிப்பு நோய் எனக் கருதி, பொற்றாசியம் புரோமைட்டைக் கொடுத்தார். சனவரி 7ஆம் நாள் வின்சென்ற் வீடு திரும்பினார். பெப்ரவரியில், தமக்கு நஞ்சூட்டுகிறார்கள் என்னும் மயக்கத்தால் மீண்டும் வைத்தியசாலை புகுந்தார்.

அப்பொழுது அயலவர் முப்பது பேரளவில் ஒன்றுகூடி, இம்மனிதன் அளவுமீறிக் குடிக்கிறான், இவனை இங்கே விட்டுவைத்தல் ஆபத்து என நகரத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டனர். பொலிசார் மஞ்சள் வீட்டைப் பூட்டினர். அயலவர் பொய் சொல்லவில்லை. அவர் குடித்தது உண்மை. அவர்கள் அஞ்சியதும் இயல்பே. ஆனால் தாம் கண்ணாற் கண்ட குடியை முழு நோயாகவும், அந்நோயை முழு மனிதனாகவும் கொண்டுவிட்டனர். அம்மனிதர் நலமாக இருந்த நாள்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அறிய அவர்களுள் எவரும் முயன்றதாகத் தெரியவில்லை.

சென் ரெமி விடுதி

1889 மே 8ஆம் நாள், வின்சென்ற் தமது விருப்பத்தின்படியே சென் ரெமி என்னுமிடத்து மனநோய் விடுதியிற் சேர்ந்தார். அங்கே சிகிச்சை என்று சொல்லத்தக்கது, வாரம் இருமுறை இரண்டு மணி நேரம் தொட்டியில் நீராடுவதே. மதுவோ மிக அருகிவிட்டது. உணவும் உறக்கமும் ஒழுங்காயின.

குடியே கலையின் ஊற்று என்போர் இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் சிந்திக்க வேண்டும். கோப்பை விலகிய அந்த ஓராண்டில் 150 அளவிலான ஓவியங்களை அவர் தீட்டினார். விண்மீன் நிறைந்த இரவு என்னும் உலகப் புகழ் பெற்ற ஓவியம் 1889 சூன் மாதத்திலே அவ்விடுதியில் எழுந்தது. 1890 சனவரி 31ஆம் நாள் பிறந்த தம்பி மகனுக்காக, நீல வானில் வெண்மலர் பூத்த வாதுமைக் கிளைகளைத் தீட்டியதும் அங்கேயே. பொறுமையும் தெளிவும் இன்றி அக்கிளைகளை அவ்வாறு வரைதல் இயலாது.

குடியே அவரது கேடு முழுவதும் என்போரும் இங்கே தரித்து நிற்க வேண்டும். மது அருகிய அக்காலத்திலும் நோய் அவரை விடவில்லை. 1889 சூலை மாதத்திலே வயல் வெளியிற் படம் தீட்டிக்கொண்டிருந்தபோது முதல் தாக்குதல் வந்தது. வர்ணத்தையே எடுத்து விழுங்க முற்பட்டார். டிசம்பரில் மீண்டும்; சனவரியில் மீண்டும். பெப்ரவரியில் தொடங்கியது இரண்டு மாதம் நீடித்தது. சில தாக்குதல்கள் அவர் ஆர்ல் நகருக்குப் போய் வந்தபின் நேர்ந்தமையால், பழைய கோப்பையை அங்கே மீண்டும் தொட்டாரோ என ஐயுறுவாரும் உளர். அவ்வாறாயினும், மாதக்கணக்கில் நீண்ட துயரத்தையும் அச்சத்தையும் ஓரிரு நாள் மதுவைக் கொண்டு விளக்க முடியாது. கோப்பையை அகற்றியபின் எஞ்சி நின்றது அப்பழைய புயலே.

கடைசி எழுபது நாள்

1890 மே மாதத்தில் விடுதியை நீங்கி, பாரிசிலே தம்பியையும் தம்பி மனைவி யோகன்னாவையும் குழந்தையையும் கண்டார். பின்னர் பாரிசுக்கு வடக்கேயுள்ள ஓவேர் என்னும் கிராமத்தில், வைத்தியர் கஷே என்பவரின் கண்காணிப்பில் வாழச் சென்றார். நாளுக்கு ஒன்றென எழுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களை அங்கே தீட்டினார். அவர் தங்கிய விடுதியுரிமையாளரின் மகள், அக்காலத்தில் அவர் மது அருந்துவதில்லை என்பதைப் பிற்காலத்தில் அழுத்திக் கூறினார்.

அம்மாதங்களில் தியோவின் உடல்நலம் குன்றியது. வேலையிலும் முரண்பாடு எழுந்தது. தம்பிக்குத் தாம் பாரமாகிவிட்டோம் என்னும் எண்ணம் அண்ணனை அரித்தது. 1890 சூலை 27ஆம் நாள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, 29ஆம் நாள் தியோவின் அருகிலே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 37. ஆறு மாதத்துள், 1891 சனவரி 25ஆம் நாள், தியோவும் மறைந்தார். அவ்விருவரின் கடிதங்களைப் பேணி 1914இல் நூலாக்கியவர் யோகன்னா. அந்த அம்மையாரின் உழைப்பு இன்றேல் இவ்வரலாற்றை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

நோயின் பெயர்

வின்சென்றின் நோய் யாது என்பது பற்றி வைத்தியர் பலர் பல கூறியுள்ளனர். வலிப்பு என்றனர் சிலர்; வேறு பல நோய்களின் பெயர்களும் கூறப்பட்டன. இறந்தவரைப் பரிசோதிக்க இயலாமையின் எவர் முடிவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2020ஆம் ஆண்டில் ஒல்லாந்து வைத்தியர் நால்வர், அவருடைய கடிதங்களையும் கலை வரலாற்றறிஞரின் சான்றுகளையும் ஆராய்ந்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோயின் தன்மை அவரிடம் இருந்திருக்கலாம் எனவும், அதனோடு ஆளுமைக் குறைபாட்டின் கூறுகளும் சேர்ந்திருக்கலாம் எனவும், மதுவும் போதிய உணவின்மையும் அதை முற்றச் செய்தன எனவும் அவர்கள் கருதினர். காதறுத்த நிகழ்வின் பின்னர் கண்ட இரு சன்னிகளும் மது திடீரென நின்றதன் விளைவாகலாம் என்பதும் அவர்கள் கொள்கை.

இவ்விரு நோய்களும் இணைந்து வருவது அரிதன்று. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரியதோர் ஆய்வு, இருதுருவ நோயின் கடுமையான வகையால் வருந்துவோரில் நூற்றுக்கு 46 பேரளவில், வாழ்நாளில் ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமைப்பட்டோ அதனைத் தீங்குறப் பயன்படுத்தியோ இருந்தனர் எனக் கண்டது. பொதுமக்களிடையே அது நூற்றுக்கு 14க்கும் குறைவே. ஆதலின் அத்தகையோர் பலர் கையிற் கோப்பை இருப்பதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நோயின் தூண்டுதலும் அங்கே உண்டு. ஆனால் அக்கோப்பை நோயைத் தணிப்பதில்லை; மருந்தின் பயனைக் குறைத்து, வீழ்ச்சியை விரைவுபடுத்தி, உயிருக்கே ஆபத்தை மிகுவிக்கிறது. நெடுங்காலம் குடித்தவர் வைத்தியரின் துணையின்றித் திடீரென நிறுத்துவதும் இடரே.

எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை ஃபல்ரே, பையார்ஜே என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் 1854இலேயே, வின்சென்ற் ஒரு வயதுக் குழந்தையாய் இருந்த காலத்தில், பாரிசில் எடுத்துரைத்தனர். ஆயினும் அதற்கு மருந்து இருக்கவில்லை. 1949இல் அவுஸ்திரேலிய வைத்தியர் யோன் கேட் என்பவர் இலிதியம் என்னும் உப்பு அந்நோயின் எழுச்சியைத் தணிப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். அப்போது வின்சென்ற் மறைந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்கு வாய்த்தவை தொட்டி நீரும் புரோமைட்டும் தம்பியின் அன்புமே. அன்பு ஒன்றே அவற்றுள் பயன் தந்தது, அதுவும் போதவில்லை. கோப்பையை அவரால் பெருமளவு விலக்க முடிந்தது. புயலை விலக்க அக்கால உலகம் எதையும் அவர் கையிற் கொடுக்கவில்லை. இன்று அந்நிலை இல்லை. இரண்டையும் ஒருங்கே கவனித்துச் சிகிச்சை செய்ய வழியுண்டு. ஆயினும், ஒருவரைக் குடிகாரர் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டு வீட்டைப் பூட்டிவிடும் மனப்பான்மை ஆர்ல் நகரத்தோடு ஒழிந்துவிட்டதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் உள்ளத்தையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அக்கேள்வியோடு அவ்வாதுமை மலர்களைப் பார்ப்போர், அவற்றைத் தீட்டிய கையின் தெளிவையும், அத்தெளிவுக்காக அக்கை பட்ட பாட்டையும் உணர்வர்.